ஆறு செல்வோரும் புள்ளும்

நெடுவழி செல்வோர் பறவையின் குரலையும் பல்லியின் ஒலியையும் ஓர்ந்து, அவற்றிற்கேற்பச் செலவை மேற்கொள்ளுதலும் தவிர்தலும் பண்டைத் தமிழரிடை வழக்காய் இருந்தன. தொல்காப்பியரும் புறத்திணையியலில் நாளையும் புள்ளையும் பிற நிமித்தங்களையும் ஒருங்கு வைத்துக் கூறுவர். இவற்றைக் கொண்டு, அக்காலத்தார் வழி முழுவதும் இயற்கையின் குறிகளையே துணையாகக் கொண்டு நடந்தனர் என்று முடிவுகட்டுதல் எளிது. சான்றோர் பாட்டுக்களை ஊன்றி நோக்குமிடத்து அம்முடிபு பொருந்தாமை புலனாகும்.

முதற்கண் 'புள்' என்னும் சொல்லை நோக்குவோம். குறுந்தொகை 140-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் சுரத்திலே இருக்கும் முதிய ஓந்தி ஒன்றைக் காட்டுகின்றார். அதன் முதுகு அரிவாளின் பல் போன்றது. வழிச்செல்வோர் அதனிடத்தும் 'புள்' கொள்கின்றனர். ஓந்தி பறப்பதன்று, பறவையின் பெயர் நிமித்தம் அனைத்திற்கும் பெயராய் விரிந்துவிட்டது என்பதே ஈண்டு அறியற்பாலது. கிரேக்க மொழியிலும் 'ஓர்னிஸ்' என்பது பறவை, நிமித்தம் என்னும் இரு பொருளும் தந்தது, கி.மு. 414-இல் அரங்கேறிய 'பறவைகள்' என்னும் நாடகத்தில் அரிசுட்டோபனீசு இதனை வைத்து நகையாடுவர். தம்முள் தொடர்பின்றியும் இரு மொழிகள் ஒரே நெறியிற் சென்றமை வியப்பிற்குரியது.

இனி, இப்புள் வழிச்செல்வார்க்கு யாது செய்தது? மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர் (புறம். 124), நல்ல நாளன்றிப் புறப்பட்டாலும், புள் இடையே தடுத்தாலும், அவனை அடைந்தோர் வறிதே மீளார் என்கின்றார். வள்ளல் நல்லனாயின் நிமித்தம் பயனற்றது என்பது இதன் கருத்து. கழைதின் யானையார் வல்வில் ஓரியைப் பாடிய பாட்டோ (புறம். 204) இதன் மறுதலை. பரிசில் பெறாதார் தாம் புறப்பட்ட வேளையையும் கண்ட புள்ளையும் பழிப்பரேயன்றி வள்ளலைப் பழியார் என்று அவர் கூறித் தாமும் ஓரியை வெறுக்கவில்லை என்கின்றார். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பயில்வார்க்கு ஓர் உண்மை விளங்கும். பரிசில் கிட்டின் அது வள்ளலின் புகழ். கிட்டாவிடின் புள்ளின் குற்றம். பசித்த சுற்றத்தோடு பன்னாள் நடந்து வெறுங்கையோடு நிற்கும் இரவலன், தன் மானமும் புரவலன் பெயரும் கெடாமற் பேசுதற்கு இடந்தந்தது புள்ளே. இந்நயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குதல் எமக்கு உடன்பாடன்று.

மனையிலிருப்போரிடத்தும் இதுவே நிலை. கலித்தொகையின் 11-ஆம் பாட்டில், பிரிந்த தலைவன் தான் செல்லும் காட்டின் இயல்பை முன்னரே கூறியிருந்தான்: கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிப் பின் உண்ணும் களிறு, மெல்லிய சிறகால் பெடையின் வருத்தம் தீர்க்கும் புறா, தன் நிழலைப் பிணைக்குத் தரும் கலைமான். இவற்றைக் காண்பவன் தன்னை நினையாதிரான், மீள்வான் என்று தலைவி முதலில் தானே துணிகின்றாள். அதன் பின்னரே பல்லி இசைத்ததும் இடக்கண் துடித்ததும் வருகின்றன. குறி, துணிவைப் பிறப்பிக்கவில்லை. பிறந்த துணிவிற்குச் சான்றாயிற்று. அக்குறியும் வேண்டா என்று மறுக்கும் தலைவியும் உண்டு. கொற்றனார் பாட்டில் (குறுந். 218) அவள் புள்ளும் ஓராள், விரிச்சி கேட்டும் நில்லாள். உயிர்க்கு உயிரானவன் தன்னை மறந்திருக்க வல்லனாயின் இவற்றாற் பயன் யாது என்பது அவள் உள்ளக்குறை. (பன்றியும் பல்லியொலிக்கு அஞ்சித் தினைப்புனம் விட்டு மெல்லப் பின்வாங்கும் என்று நற்றிணை 98-இல் உக்கிரப் பெருவழுதி பாடியது நகைச்சுவையோ நம்பிக்கையோ, கற்பார் துணிக.)

எனின், வழியைக் காட்டியது எது? இதற்கு விடை மலைபடுகடாத்தில் உள்ளது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளையுடைய இப்பாட்டில், நன்னனிடம் பரிசில் பெற்று வரும் கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தரை நோக்கி, என்னைக் கண்டமையால் நீவிர் நற்புள் உடையீர் என்கின்றான். வழியறிந்த ஒருவனைத் தற்செயலாகச் சந்தித்தலே இங்கு நிமித்தமாகிவிட்டது. அதற்குப் பின் அவன் உரைப்பன எல்லாம் கண்டறிந்த செய்திகள்: பன்றிக்கு வைத்த பொறிகள் இருத்தலின் பொழுது விடிந்தபின் செல்க, புனங்காவலர் கவண்கல் வரும் இடம் இது, பாம்பு உறையும் குழிகள் உள, வழுக்கும் நிலம் உளது. இத்துணை நுணுக்கமாக ஊர்வழி கூறும் பகுதியில் பறவைக்குரல் கேட்டு வலமோ இடமோ திரும்புக என்னும் அறிவுரை இல்லாமை கருதத்தக்கது.

அக்கூத்தன் கூறும் மற்றொன்றும் உண்டு. முன்பின் அறியாத நாட்டில் பல வழிகள் கூடும் சந்தினை அடையின், செல்லும் வழியைத் துடைத்துச் செம்மைசெய்து, ஆங்குள்ள புல்லை முடிந்து வைக்குமாறு அவன் பணிக்கின்றான். பின்னர் வருவோர் திகைத்து வேறு வழியிற் போகாமைப் பொருட்டு.