புத்தகத்தை மூடிப் படியுங்கள்!

பிளஸ் டூ தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளில் சிலர், கல்லூரியின் முதற்பருவத் தேர்விலேயே தடுமாறுகின்றனர். அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. பள்ளியில் ஆசிரியர் நாள்தோறும் கேள்வி கேட்பார். அடிக்கடி சிறுதேர்வு வைப்பார். கல்லூரியிலோ பேராசிரியர் விரிவுரை நிகழ்த்திச் சென்றுவிடுவார். கேட்பாரில்லாமையால் பாடங்கள் தேர்வு நெருங்கும் வரை தேங்கிவிடுகின்றன.

அந்நேரத்தில் பலரும் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கின்றனர். எல்லாம் தெரிந்துவிட்டது போன்ற மயக்கமே அதனால் உண்டாகிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரு பகுதியை இருமுறை படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஆனால் ஒரு வாரத்திற்குப் பின் அவர்கள் நினைவில் நின்றது 42 விழுக்காடே. ஒருமுறை மட்டும் படித்து, பின்னர் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 விழுக்காடு நின்றது. ஹிப்ழு மாணவர் உஸ்தாதிடம் பார்க்காமல் ஒப்புவிப்பதன் பயனும் இத்தகையதே.

மாணவச் செல்வங்களே! விரிவுரை கேட்ட அன்றே புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருப்பதைச் சொந்த நடையில் எழுதுங்கள். விடுபட்டவற்றை மீண்டும் படியுங்கள். சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும் எழுதிப் பாருங்கள். விளங்காதவற்றைப் பேராசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பெற்றோர்களே! வீட்டு வேலையைக் காட்டி மகளின் படிப்பு நேரத்தைப் பறித்துவிடாதீர்கள். மகனுக்குக் கிடைக்கும் அமைதியான நேரம் அவளுக்கும் உரியது. கல்லூரி வாசலை மிதித்திராத தாயும், "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்லம்மா" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியே பிள்ளைக்கு அன்றாடத் தேர்வாகிவிடும்.