கண்புரைச் சத்திரசிகிச்சை: முன்னும் பின்னும்

“புரை நன்றாக முற்றட்டும், அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லாத முதியவர் எம்மிடையே அரிது. இக்கூற்று முழுப் பிழையன்று, காலங் கடந்தது. கண்ணின் வில்லையை முழுதாக வெளியே எடுத்த நாளில் முற்றிய புரையே இலகுவாகக் கழன்று வந்தது. சிகிச்சை பெற்றோர் தலையின் இருபுறமும் மணற்பைகளை அணைத்து வைத்து, நாட்கணக்கில் அசையாது மல்லாந்து கிடந்தனர். அதன் பின்னர் ஆயுள் முழுவதும் போத்தலின் அடி போன்ற தடித்த கண்ணாடி! அத்துன்பத்தை இயன்றவரை தள்ளிப்போட அவர்கள் விரும்பியதில் வியப்பென்ன?

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணிற் புகுந்த பேர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்குச் சில்லுகள் விழியைப் புண்ணாக்காது கிடந்ததை இலண்டன் கண் வைத்தியர் ஹரல்ட் றிட்லி கண்டார். எடுத்த வில்லைக்குப் பதிலாக இன்னொன்றை ஏன் வைப்பதில்லை என்று மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியும் அவரைத் தூண்டிற்று என்பர். 1949 நவம்பர் 29ஆந் திகதி, சென் தோமஸ் வைத்தியசாலையில், அவர் மனிதக் கண்ணிலே செயற்கை வில்லையை முதன்முதலாகப் பொருத்தினார். 1967இல் அமெரிக்கரான சார்ள்ஸ் கெல்மன், கேளா ஒலியினாற் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொணர்ந்தார். இன்று இரண்டு மூன்று மில்லிமீற்றர் துவாரமே போதும். பெரும்பாலும் தையலும் வேண்டா. பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். காத்திருப்பதனாற் புரை இறுகிச் சிகிச்சை கடினமாகும். சிலருக்கு வீங்கிக் கண்ணின் அழுத்தத்தையும் உயர்த்திவிடும்.

சிகிச்சைக்கு முன்னர் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்தே வில்லையின் வலுவைத் தீர்மானிப்பர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அடங்கியிருத்தல் வேண்டும். உண்ணும் குளிசைகள் அனைத்தையும் வைத்தியரிடம் காட்டுக. இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் குளிசையைத் தாமாக நிறுத்துதல் ஆபத்து. சலத்தடைக்காக ஆண்கள் எடுக்கும் தம்சுலோசின் என்னும் மருந்து, சிகிச்சையின்போது கண்மணியைச் சுருங்கச் செய்யும். சொல்லாது விட்டால் வைத்தியருக்கே சங்கடம். கட்டியோ பீளையோ இருப்பின் முதலில் அதை மாற்றிக்கொள்ளல் வேண்டும். முதல் நாளே தலை முழுகிவிடுவது நன்று. பின்னர் சில வாரங்களுக்கு அது வாய்க்காது.

வீடு திரும்பிய பின்னர் மருந்துத் துளிகளே முக்கியம். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கீழிமையை மெல்ல இழுத்து, போத்தலின் நுனி கண்ணிற் படாமல் ஒரு துளி விடுக. கண்ணைக் கசக்கலாகாது. உறக்கத்திற் கை தன்னையறியாமற் போகும். அதற்காகவே இரவில் மூடி கட்டுவது. அடுப்புப் புகையும் கிணற்று நீரும் கண்ணை அண்டலாகாது. நெற்றித் திருநீற்றைக்கூடச் சிறிது காலம் பொடியாக உதிராமல் நீரிற் குழைத்துப் பூசுவது நலம். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என அயலார் கூறும் கைமருந்துகளை எக்காரணங்கொண்டும் விடாதீர்கள்.

எமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் மூன்றாம் நாளிரவு கண் குத்துவதை எவரிடமும் சொல்லவில்லை. “வெட்டின புண் நோகாமல் இருக்குமோ?” என்பது அவர் எண்ணம். மெல்லிய உறுத்தல் இயல்பே. நாளுக்கு நாள் ஏறும் நோவும் சிவப்பும் இயல்பல்ல. பார்வை மங்குதல், மின்னல் தெறித்தல், திரை விழுந்தாற் போலிருத்தல் ஆகியனவும் அப்படியே. கண்ணினுட் கிருமி புகுந்தாற் சில மணி நேரத் தாமதமே பார்வையைப் பறிக்கலாம். பாடசாலைக்குப் புறப்பட்ட பேத்தி அவரது சிவந்த கண்ணைக் கண்டு, பாடசாலையை விட்டு வைத்தியசாலைக்கே அழைத்துச் சென்றாள். கண் தப்பிற்று.

ஒரு மாதங் கழித்து நாம் சென்றபோது, மூதாட்டி ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பேத்தியின் வெள்ளைச் சட்டையை நோக்கிக்கொண்டிருந்தார். புரையுள்ள கண்ணுக்கு அது பழுப்பு. மற்றதற்குத் தூய வெள்ளை. “பிள்ளை வடிவாய்த் தோய்க்கிறதில்லையெண்டு இவ்வளவு காலமும் சும்மா பேசிப்போட்டன்” என்றார்.