ஆபத்து யாருக்கு?

"என் தாயார் டேஞ்சரஸாக இருக்கிறார், ஆகையால் இரண்டு நாள் லீவு தர வேண்டும்" என்று ஒருவர் தம் மேலதிகாரிக்கு இங்கிலீஷில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதுகிறவரின் கண்களில் நீர் தளும்புகிறது. படிக்கிற அதிகாரி தமிழ் அறியாதவராயிருந்தால், அந்த அம்மாள் கையில் அரிவாளுடன் வாசலில் நிற்கிறாளோ என்று திகைப்பார். சிரிக்கத்தக்க விஷயந்தான். ஆனால் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமல்ல. 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு நம் தேசத்தில் தந்தி நின்றுவிட்டது. என்றாலும் அயல் நாட்டிலுள்ள உத்தியோகசாலைக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும், தூதராலயத்துக்கும் நோயாளியின் நிலைமையை இங்கிலீஷில் எழுத வேண்டிய அவசியம் நம் குடும்பங்களுக்கு நின்றுவிடவில்லை. அத்தகைய சமயத்தில் ஒரு சொல் புரண்டால் இரக்கத்துக்குரியவர் பயத்துக்குரியவராகிவிடுகிறார்.

இங்கிலீஷில் 'டேஞ்சரஸ்' என்ற அடைமொழி ஆபத்தைக் கொடுப்பதைக் குறிக்குமேயன்றி, ஆபத்தை அடைவதைக் குறிக்காது. புலி டேஞ்சரஸ், புலியின் வாயில் அகப்பட்டவன் 'இன் டேஞ்சர்', அதாவது ஆபத்தில் இருக்கிறவன். நோயாளியைப் பற்றி எழுதும்போது 'டேஞ்சரஸ்லி இல்' என்று வினைக்கு அடையாக்கிச் சொன்னால் குற்றமில்லை. நோயையே டேஞ்சரஸ் என்றாலும் சரிதான். ஆபத்தைத் தருவது நோயல்லவா? பிரெஞ்சு பாஷையிலும் இதே முறைதான். புதுவையில் பழைய குடும்பத்துப் பெரியவர்கள் 'தான்ழ்ரே' என்ற சொல்லை நோயாளியின் தலையில் ஏற்றமாட்டார்கள். 'ஆன் தான்ழே' என்றுதான் சொல்வார்கள்.

நாம் தடுமாறுவதற்குக் காரணம் நம்முடைய 'ஆபத்தான' என்ற சொல். அதிலுள்ள 'ஆன' கொடுப்பவன் இன்னான், கொள்பவன் இன்னான் என்று பிரித்துச் சொல்வதில்லை. அதனால் தமிழுக்குக் குறைவு ஒன்றுமில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். மேலும் 'அபாயகரமான' என்று மற்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. 'கரம்' என்பதற்கு வடமொழியில் செய்வது என்று பொருள். ஆகவே அபாயத்தைச் செய்வது அபாயகரம். டேஞ்சரஸ் என்பதற்கு நேரான சொல் இதுவே. எழுதுவதற்கு முன் அந்த இடத்தில் 'அபாயத்தைச் செய்கிற' என்று மனத்துக்குள் போட்டுப் பார்த்தால் போதும். 'அபாயத்தைச் செய்கிற தாயார்' என்று எவரும் எழுதமாட்டார்.

புதுவைக் கடற்கரைக்கு மாலையில் உலாவப் போகிறவர்களுக்கு இந்தப் பாடம் கண்ணெதிரே கிடக்கிறது. கூபேர் அவென்யூவின் ஓரமாகக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்களே, அங்கே ஒரு காலத்தில் மணல் விரிந்து கிடந்தது. 1980-களின் பிற்பகுதியில் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்தில் துறைமுகத்துக்காக அலை தடுக்கும் சுவர்கள் எழும்பின. தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாக நகர்ந்து வரும் மணல் தடைப்பட்டது. நகரத்துக் கரை கரைந்து போயிற்று. இப்போது 'ஆபத்தான கரை' என்று தமிழில் சொன்னால் இரண்டு அர்த்தமும் பொருந்துகின்றன: பாறைகளுக்கிடையே இறங்குகிறவர்களுக்கு அது ஆபத்தைத் தருகிறது, தானும் அலையினால் ஆபத்துக்குள்ளாயிருக்கிறது. இங்கிலீஷிலோ முன்னதற்கு ஒரு வாக்கியமும் பின்னதற்கு மற்றொரு வாக்கியமும் வேண்டும். 1962-இல் திறந்த கப்பல் பாலத்தின் கதையும் இப்படியே. தூண்கள் தளர்ந்து அது ஆபத்தில் இருந்தது. ஆகையினால் அதன்மேல் நடப்பவர்க்கு டேஞ்சரஸ் ஆயிற்று. 2022 மார்ச்சில் ஒரு பகுதி கடலில் விழுந்தது.

இன்னொரு வழுக்கலும் உண்டு. 'இங்கே குளிப்பது ஆபத்து' என்பதை இங்கிலீஷில் 'இட் இஸ் டேஞ்சரஸ்' என்று தொடங்க வேண்டும். 'நான்' என்றோ 'குழந்தைகள்' என்றோ தொடங்கினால் குளிக்கிறவர்களே பயங்கரமானவர்களாகிவிடுவார்கள்! ஆனால் 'கடல்' என்று தொடங்கலாம். ஏனெனில் அபாயத்தைச் செய்வது அதுதானே.

இந்தச் சொல்லின் பூர்வோத்தரம் ரஸமானது. லத்தீனில் 'தொமினுஸ்' என்றால் எஜமானன். அவனுடைய ஆதிக்கத்தைக் குறித்த சொல் பழைய பிரெஞ்சில் 'தாஞ்சியே' ஆகி, இங்கிலீஷில் 'டேஞ்சர்' ஆயிற்று. எஜமானனின் கைக்குள் அகப்பட்டவன் எவனோ அவனே அந்நாளில் டேஞ்சரில் இருப்பவன். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வர்த்தகன்' நாடகத்தில், நியாயஸ்தலத்தில் போர்ஷியா அன்டோனியோவை விசாரிக்கும்போது இந்தப் பழைய பொருளிலேயே, ஷைலக்கின் பிடியில் என்ற கருத்திலேயே, இச்சொல் வருகிறது. ஆதியில் எஜமானனுக்கு உரியதாயிருந்த சொல்லைப் பிற்காலத்து எஜமானர்கள், தங்களுக்குக் கீழ்ப்படியாதவர்கள் மீது தூக்கிப் போட்டார்கள்.

அவ்விதம் போட்டதில் பெயர்பெற்ற ஒன்று புதுவையைச் சேர்ந்தது. 1910-ஆம் வருஷம் மே 26-ஆம் தேதி வைஸ்ராய் மிண்டோ பிரபு, லண்டனிலிருந்த இந்தியா மந்திரி மார்லி பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், ஸ்ரீ அரவிந்த கோஷைத் தாங்கள் அப்போது எதிர்கொள்ள வேண்டியிருந்தவர்களில் எல்லாரினும் அதிக டேஞ்சரஸ் ஆனவர் என்று குறித்தார். அந்தப் பொல்லாத மனிதர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? ஏப்ரல் 4-ஆம் தேதி 'தூப்ளே' கப்பலில் புதுவை வந்து இறங்கி, சங்கர செட்டியார் வீட்டு மாடியில் அமைதியாகத் தங்கியிருந்தார். அவர் கரையேறிய அதே தினத்தில் கல்கத்தாவில் அவர்மீது வாரண்டு பிறந்தது. 'கர்மயோகின்' பத்திரிகையில் தேசத்தாருக்கு அவர் எழுதிய கடிதம் ராஜத்துவேஷம் என்பது குற்றச்சாட்டு. பிரெஞ்சு எல்லைக்கு வெளியே ஓர் அடி வைத்தால் கைது. வேவுகாரர்கள் தெருவிலேயே காத்திருந்தார்கள். யார் டேஞ்சரஸ், யார் இன் டேஞ்சர் என்பதை நேயர்களே பார்த்துக்கொள்ளலாம்.

இலக்கணப்படி மிண்டோ பிரபுவின் வாக்கியத்தில் பிழையில்லை. டேஞ்சரஸ் என்றால் யாருக்கு என்ற கேள்வி எழ வேண்டும். அதற்கு விடையாக 'நமக்கு' என்பது அவர் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த 'நாம்' என்பதற்குள் முப்பது கோடி ஜனங்கள் அடங்கவில்லை என்பதுதான் விசேஷம்.

ஆசிரியர் அகப்படாமற்போகவே, பத்திரிகையை அச்சிட்டவரைப் பிடித்துத் தண்டித்தார்கள். 1910 நவம்பர் 7-ஆம் தேதி கல்கத்தா ஹைகோர்ட்டார், அக்கடிதத்தில் ராஜத்துவேஷம் இல்லையென்று தீர்ப்புச் சொல்லி அவரை விடுதலை செய்தார்கள். அதே மாதத்தில் மிண்டோ பிரபுவும் பதவிக் காலம் முடிந்து ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். அரவிந்தர் 1950 டிசம்பர் 5-ஆம் தேதி உடலை விடும்வரை புதுவையிலேயே இருந்தார்.