குட்டும் தாலாட்டும்

திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே ஓங்கி நிற்கும் மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி வடக்கு நோக்குவோர்க்கு, காவிரியும் கொள்ளிடமும் இரு கைகளாக நீண்டு ஒரு தீவை அணைத்துக் கொண்டிருக்கும் காட்சி புலனாகும். அத்தீவிலே, தென்னஞ்சோலைகளுக்கு மேலாகத் திருவரங்கத்தின் கோபுரங்களும், அவற்றிற்குக் கிழக்கே திருவானைக்காவின் கோபுரங்களும் தோன்றும். இப்பகுதியின் சிறப்பை உரைப்போர், சோழர் தலைநகராக விளங்கிய உறையூரையும், காவிரிக்குக் குறுக்கே எழுந்த கல்லணையையும் எடுத்துக் கூறுவர். அவை சிறப்புகளே. ஆயினும், இங்குள்ள கோயில்களைப் பற்றி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதைகளுக்குச் செவி கொடுத்தால், அவற்றில் போர்முரசின் ஒலி கேட்பதில்லை. குழந்தையின் குறும்புச் சிரிப்பும் தாயின் அதட்டலுமே கேட்கின்றன.

மலையுச்சியில் வீற்றிருக்கும் பிள்ளையாரின் கதையை அறியாத சிறுவர் இவ்வூரில் இரார். இராமபிரான் முடிசூடிய பின்பு, தமக்குத் துணைநின்ற வீடணனுக்கு அரங்கநாதர் பள்ளிகொண்ட விமானத்தைப் பரிசாக அளித்தார். அதனைச் சுமந்துகொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட வீடணன் காவிரிக் கரையை அடைந்தான். நீராடி நாட்கடன் முடிக்க வேண்டும். விமானத்தையோ தரையில் வைத்தல் கூடாது. அவ்வேளையில் மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் அங்கே தோன்றினான். அவனிடம் விமானத்தைக் கொடுத்துவிட்டு வீடணன் ஆற்றில் இறங்கினான். கரையேறிப் பார்க்கையில் விமானம் தரையில் இருந்தது. அதனை அசைக்கவும் இயலவில்லை. சிறுவனோ ஓடிக்கொண்டிருந்தான். துரத்திச் சென்ற வீடணன் மலையுச்சியில் அவனைப் பிடித்து, தலையில் ஓங்கி ஒரு குட்டுக் குட்டினான். பிறகுதான் அச்சிறுவன் விநாயகன் என்பது தெரிந்தது. குட்டின் வடு இன்றும் பிள்ளையார் திருமுடியில் உள்ளது என்பர். அரங்கநாதர் தென்திசை நோக்கிப் பள்ளிகொண்டிருப்பது, வருந்திய வீடணனின் இலங்கையை நோக்கியே என்றும் கூறுவர்.

இக்கதையில் வரலாறு எவ்வளவு உண்டு என ஆராய்தல் வேறு. ஒரு பெருங்கோயில் தோன்றிய காரணத்தைச் சொல்லப் புகுந்த மக்கள், எதைக் காரணமாகக் கொண்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. அரசன் ஆணையன்று, முனிவர் தவமுமன்று. ‘சற்றே பிடித்துக்கொள்’ என்று கொடுத்த பொருளைச் சிறுபிள்ளை கீழே போட்டுவிட்டு ஓடியதே காரணம்! பொறுமையிழந்த பெரியவர் கை ஓங்கியதும், ஓங்கிய பின் வருந்தியதும் வீடுதோறும் நாள்தோறும் நிகழ்வனவே அல்லவா? எந்த வீட்டிலோ கண்டதைத்தான் மக்கள் மலைமேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

அதே மலையின் இடைப்பகுதியில் சிவபெருமான் தாயுமானவர் என்னும் பெயருடன் எழுந்தருளியிருக்கிறார். வணிகர் குலத்துப் பெண்ணாகிய இரத்தினாவதி என்பவள் இவ்வூரில் நிறைமாதக் கருவுற்றிருந்தாள். மகளின் பேறுகாலத்திற்கு உதவும்பொருட்டு, மருந்துப் பொருள்களும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு அவள் தாய் பூம்புகாரிலிருந்து புறப்பட்டாள். காவிரியில் வெள்ளம் பெருக்கெடுத்துவிட்டமையால், அவள் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. இக்கரையில் மகள் வலியால் துடித்தாள். அப்பொழுது இறைவன் அவள் தாயின் வடிவிலேயே வந்து, மகப்பேறு பார்த்து, மருந்தரைத்துக் கொடுத்து, குழந்தையை நீராட்டி, வெள்ளம் வடியும் வரை உடனிருந்தான். உண்மைத் தாய் வந்து கதவருகே நின்றபோது, தாயர் இருவரைக் கண்டு மகள் மருண்டாள்; வந்தவன் மறைந்தான்.

உலகைக் காக்கும் கடவுள் அசுரரை அழித்தான் என்று பாடும் கதைகள் பல. கடவுள் சுக்கும் திப்பிலியும் இடித்தான், பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்தி வெந்நீர் வார்த்தான், பிள்ளை பெற்றவளுக்கு இரவெல்லாம் விழித்திருந்து துணை செய்தான் என்று சொல்லத் துணிந்த கதைகள் சிலவே. இப்பணிகள் எவராலும் எண்ணப்படாதவை. எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படாதவை. அவற்றை இறைவனே செய்யத்தக்கவை என இக்கதை கூறுகிறது. இந்நிகழ்ச்சி சித்திரைத் திருவிழாவில் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்னும் பெயரால் நடித்துக் காட்டப்படுகிறது. நலமாகப் பிள்ளை பெற்றவர்கள் தாயுமானவருக்கு வாழைத்தார் காணிக்கை செலுத்தும் வழக்கமும் உண்டு.

ஆற்றைக் கடந்து திருவானைக்காவிற்குச் சென்றாலும் தாயும் சேயுமே காத்திருக்கின்றனர். அங்கே அகிலாண்டேசுவரி அம்மன் முற்காலத்தில் கடுஞ்சினம் கொண்ட வடிவில் விளங்கியதாகவும், அச்சினத்தைத் தணிக்கச் சங்கரர் இரண்டு செயல்கள் செய்ததாகவும் கூறுவர். அம்மனின் செவிகளில் தாடங்கம் அணிவித்தார்; அம்மன் எதிரே பிள்ளையாரை நிறுவினார். முதற்செயலின் நுட்பத்தைப் பெரியோர் விளக்கட்டும். இரண்டாவதற்கு விளக்கமே வேண்டா. எத்துணைச் சினத்திலிருக்கும் தாயும், எதிரே தன் பிள்ளை வந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன செய்வாள்?

வீட்டு வாழ்வை இவ்வாறு கோயிலுக்குள் கொண்டு சென்ற தமிழர், அதனை இலக்கியத்திற்குள்ளும் கொண்டு சென்றனர். குழந்தையை விரும்பிப் பாடுதலுக்குத் தொல்காப்பியமே இடம் வகுத்துள்ளது. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி, உண்ணும் கலத்தில் கையை விட்டுத் துழாவி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் சிறு குழந்தையைப் பாடியிருக்கிறான். அக்குழந்தை இல்லாத செல்வ வாழ்வு பயனற்றது என்பது அவ்வரசன் முடிபு. இத்தகைய பாடல்களின் வழியே பிற்காலத்தில் வளர்ந்தது பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ், இவ்வகையில் முழுநூலாக நமக்குக் கிடைப்பவற்றுள் பழமையானது.

பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கும். பருவத்திற்குரிய மாதங்களைக் கூறுவதில் இலக்கண நூல்களுக்குள் சிறுசிறு வேறுபாடு உண்டு. முதலாவது காப்புப் பருவம்: குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை ஒவ்வொன்றாக வேண்டுவது. இது வெறும் மரபு என்று எண்ணிக் கடந்துவிடல் ஆகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்கூட, இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ இருநூறு குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன என மதிப்பிடப்படுகிறது. 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அவ்வெண் 13 ஆகக் குறைந்திருந்தது. பழங்காலத் தாய் தன் குழந்தையின் நெற்றியில் மையிட்டதும், கையில் காப்பிட்டதும், கண்ணேறு கழித்ததும் அந்த அச்சத்தினாலேயே. பிள்ளைத்தமிழின் சிரிப்பெல்லாம் இந்த அச்சத்திற்குப் பின்னரே தொடங்குகிறது.

ஐந்தாம் மாத அளவில், குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளைத் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும். அது செங்கீரை. அடுத்துவரும் தாலப் பருவம் தாலாட்டுக்கு உரியது. தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுதலால் தாலாட்டு ஆயிற்று. பிறகு கைகொட்டிச் சப்பாணி, பிறகு முத்தம், பிறகு தளர்நடையிட்டு வருக என அழைத்தல்.

நகைச்சுவை மிக்கது அம்புலிப் பருவம். நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைப்பது அது. பகையரசரிடம் கையாளுவதற்கெனச் சாமம், தானம், பேதம், தண்டம் என நால்வகை உபாயங்களை அரசியல் நூல்கள் வகுத்துள்ளன. புலவர் அந்நான்கையும் நிலவின்மேல் ஏவுகிறார். ‘நீயும் குழந்தையும் ஒப்புடையீர், வா’ என்பார். ‘வந்தால் உனக்கு இன்ன நன்மை கிட்டும்’ என்பார். ‘உனக்குக் களங்கமுண்டு, குழந்தைக்கு இல்லை’ என்று இகழ்வார். முடிவில் ‘வாராவிடின் தப்பமாட்டாய்’ என்று அச்சுறுத்துவார். நிலவு என்னவோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. சோறூட்ட வந்த தாயின் கையிலுள்ள கிண்ணம் மட்டும் காலியாகிவிடும், அதுவன்றோ வேண்டியது!

அதன்பின் ஆண்குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் பருவங்கள் உரியவை. தெருமணலில் சிறுமியர் அரும்பாடுபட்டுக் கட்டிய சிறு வீட்டைக் காலால் எற்றிச் சிதைப்பவன் பாட்டுடைத் தலைவன். பெண்குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் முதலிய விளையாட்டுகள் உரியவை. வீட்டைக் கட்டுபவர் சிறுமியர், இடிப்பவன் சிறுவன் என்னும் இம்முறையைச் சிறுமியர் எக்காலத்தும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

திருச்சிராப்பள்ளி மண் பிள்ளைத்தமிழ்ப் புலவர் ஒருவரையும் தந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-ஆம் ஆண்டில் இவ்வூரை அடுத்த எண்ணெயூரில் பிறந்தார். 1876-ஆம் ஆண்டில் மறைந்தார். உ. வே. சாமிநாதையர் 1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் அவரிடம் மாணவராகச் சேர்ந்து, பின்னாளில் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பிள்ளையவர்கள் இயற்றிய பிள்ளைத்தமிழ் நூல்கள் பத்து என்பர். அவற்றுள் இரண்டு, உறையூர்க் காந்திமதியம்மைமீதும் திருவானைக்கா அகிலாண்டநாயகிமீதும் பாடப்பெற்றவை. அகிலாண்டநாயகி என்பது அண்டங்கள் அனைத்திற்கும் தலைவி எனப் பொருள்படும். அத்தலைவியைத்தான் தவழவும், கைகொட்டவும், முத்தம் தரவும் அவர் வேண்டுகிறார்.

இவ்விலக்கியத்திற்கெல்லாம் ஊற்றாக விளங்குபவர் பெரியாழ்வார். அவர் ஊர் திருவில்லிபுத்தூர். ஆயினும் அவர் பாசுரங்கள் திருவரங்கத்தில் மார்கழி மாதத்துப் பகற்பத்தின் தொடக்க நாளில் அரையர்களால் பாடப்பெறும். கண்ணனை மகனாகவும் தம்மை யசோதையாகவும் கொண்டு அவர் பாடியவற்றைப் படிப்போர்க்கு, ஆண்மகன் ஒருவர் இவற்றையெல்லாம் எங்கே கற்றார் என்னும் வியப்பு எழும். தொட்டிலில் இட்டால் உதைத்து உதைத்து அதனைக் கிழிக்கிறான், தூக்கினால் இடுப்பு ஒடிகிறது, இவனைச் சுமந்தே மெலிந்துபோனேன் என்று அத்தாய் முறையிடுகிறாள்.

நீராட்டும் பகுதி இன்னும் சுவையானது. கண்ணன் கன்றின் காதில் கட்டெறும்பை விட்டு அதனை வெருண்டோடச் செய்திருக்கிறான். எண்ணெய்க் குடத்தை உருட்டியிருக்கிறான். உறங்கும் குழந்தைகளைக் கிள்ளி எழுப்பியிருக்கிறான். இத்தனையும் செய்து புழுதியில் நிற்பவனைக் குளிக்க அழைக்க வேண்டும். வெல்லமும் பாலும் சேர்த்து அப்பம் சுட்டு வைத்திருப்பதாகத் தாய் ஆசை காட்டுகிறாள். ‘இன்று நீ பிறந்த நாள்’ என்கிறாள். முடிவாக, ‘புழுதி படிந்த உன் மேனியைக் காண எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் ஊரார் பழிப்பரே, நப்பின்னை கண்டால் சிரிப்பாளே’ என்கிறாள். கடிய வந்த இடத்திலும் தன் மகிழ்ச்சியை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

பின்பு அயல்வீட்டார் முறையீட்டுடன் வருகின்றனர். வெண்ணெயை விழுங்கியதோடு நில்லாமல், அது உடையும் ஓசையைக் கேட்பதற்காகவே வெறுங்கலத்தைக் கல்லில் எறிந்தானாம். மற்றொருத்தியின் மகள் கைவளையைக் கழற்றி, பழம் விற்பவளிடம் கொடுத்து நாவற்பழம் வாங்கித் தின்றானாம். கேட்டால் ‘நான் அல்லேன்’ என்று சிரிக்கிறானாம். நாவற்பழம் தின்ற வாயின் நிறம் அவ்வளவில் பொய் சொல்லவிட்டிருக்குமா என்பதை ஆழ்வார் சொல்லவில்லை.

எங்கே கற்றார் என்னும் வினாவிற்கு மரபு ஒரு விடை வைத்திருக்கிறது. நந்தவனத்தில் துளசியின் அருகே கண்டெடுத்த பெண்குழந்தை ஒன்றை அவர் தம் மகளாக வளர்த்தார். அவளே ஆண்டாள். இறைவனுக்கெனத் தொடுத்து வைத்த மாலையை யாரும் அறியாமல் தான் சூடி அழகு பார்த்த அச்சிறுமியை, அவர் ஒரு நாள் கண்டு கடிந்துகொண்டதும் உண்டு. பின்னர் அவள் வளர்ந்து திருவரங்கம் சென்று அரங்கனோடு ஒன்றினாள் என்பர். திருவரங்கத்தில் இன்றும் வெளி ஆண்டாள் சந்நிதி என்னும் பெயருடன் அவளுக்குத் தனிக்கோயில் உண்டு.

மாயனோடு சென்றுவிட்ட ஒரே மகளை நினைந்து வருந்தும் தாயின் கூற்றாகவும் பெரியாழ்வார் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். வெறிச்சோடிய வீட்டில் நின்று அத்தாய் தனக்குள் வினாக்களை அடுக்குகிறாள். மாமியார் அவளை மகிழ்ந்து ஏற்பாளா? மணமகளுக்குரிய சிறப்புகளைச் செய்வாளா? விடியுமுன் எழுந்து, உறங்காமல் அமர்ந்து, தயிர் கடைய அவளால் இயலுமா?