டிராக்டரின் முன்சக்கரம் தூக்குவது ஏன்?

அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் வயலிலிருந்து ரோட்டு மேட்டில் ஏறும் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்புவது கிராமங்களில் பார்க்கும் காட்சிதான். இரண்டு ஆட்களை முன்னால் ஏற்றி உட்கார வைத்து, எப்படியோ மேட்டைத் தாண்டி விடுபவர்களும் உண்டு. ஆனால் முன்சக்கரம் தரையில் பதியாத டிராக்டருக்கு ஸ்டியரிங் இருந்தும் பயனில்லை. இன்னும் சற்று எழும்பினால் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து, ஓட்டுபவர் அடியில் சிக்கிக் கொள்வார். எஞ்சினுக்குச் சக்தி போதாமல் இது நேருவதில்லை. பெரும்பாலும் பாரம் வைத்த இடத்தினாலும், கொக்கி மாட்டிய இடத்தினாலும் நேருவது.

மாட்டு வண்டிக் கணக்கு

வண்டி ஓட்டிப் பழகிய விவசாயிகளுக்கு இந்த விஷயம் புதிதல்ல. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அதனால்தான் வண்டிக்காரர்கள் பாரம் ஏற்றி முடிந்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும். கழுத்து நோகும் அளவுக்கு இருக்கக் கூடாது. தவறினால் மாடு தலையை ஆட்டியோ, நகராமல் நின்றோ காட்டிவிடும். டிராக்டர் அப்படிக் காட்டுவதில்லை.

இரண்டு சக்கர டிரெய்லர் இந்த வகையில் மாட்டு வண்டியேதான். அதன் பாரத்தில் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியில் வந்து உட்காருகிறது. நான்கு சக்கர டிரெய்லரில் பாரம் ஏறக்குறைய முழுவதும் அதன் சொந்தச் சக்கரங்களிலேயே நிற்பதால் இந்தத் தொல்லை குறைவு.

ஒரு கணக்குப் பார்க்கலாம். கொக்கியிலிருந்து டிரெய்லரின் அச்சு 10 அடி தூரத்தில் இருப்பதாக வைத்துக் கொள்வோம். 75 கிலோ மூட்டைகள் 40 ஏற்றினால் 3,000 கிலோ. இந்தப் பாரத்தின் நடுமையம் அச்சுக்கு 1 அடி முன்னால் விழும்படி அடுக்கினால், பத்தில் ஒரு பங்கான 300 கிலோ கொக்கிக்கு வரும். கொக்கி டிராக்டரின் பின் அச்சுக்கு இரண்டரை அடி பின்னால் இருக்கிறது; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஆறேகால் அடி. துலாக் கட்டையின் ஒரு முனையை அழுத்தினால் மறு முனை எழுவதைப்போல, இந்த 300 கிலோ முன்சக்கரங்களிலிருந்து 120 கிலோவைத் தூக்கிவிடுகிறது. அந்த 120 கிலோவும் சேர்ந்து பின்சக்கரங்களுக்கு 420 கிலோ கூடுகிறது.

சாதாரண டிராக்டர் ஒன்று 1,800 கிலோ எடை இருந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 600 கிலோ அளவு, முன்சக்கரத்தில் நிற்கும். 120 போனால் 480 மிச்சம், ஓட்டுவதற்குத் தடையில்லை. அதே மூட்டைகளை முன்பக்கமாகவே குவித்து, மையம் 3 அடி முன்னால் போய்விட்டால் கொக்கியில் 900 கிலோ இறங்கும். முன்சக்கரத்திலிருந்து 360 கிலோ போய், மிச்சம் 240 கிலோதான். டிராக்டரின் மேல் நிற்கும் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இங்கே பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இது சமதளத்துக் கணக்கு. மேட்டில் ஏறும்போது அந்த 240-உம் கரைந்துவிடும்.

பாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் தவறு. மையம் அச்சுக்குப் பின்னால் போனால் டிரெய்லர் கொக்கியை மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழந்து வழுக்கும். இறக்கத்தில் பிரேக் போட்டால் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளி மடக்கிவிடும். பின்பக்கம் நீட்டிக்கொண்டு கரும்பு ஏற்றும்போது இந்த ஆபத்து அதிகம்.

தானே நிமிரும் ஷாக் அப்சார்பர்

டிராக்டரின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும் டயர் சற்று நசுங்குவது தவிர, வண்டி தாழ்வது கண்ணுக்குத் தெரியாது. ஜீப் வகை வண்டியில் டிரெய்லர் மாட்டினால் உடனே தெரியும். பின்புறம் தாழும், முன்புறம் நிமிரும், விளக்கு வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

குதிரையையும் படகையும் டிரெய்லரில் ஏற்றிப் பெரிய ஜீப் வகைக் கார்களால் இழுத்துச் செல்லும் வழக்கமுள்ள மேல்நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1970-இல் பிரிட்டனில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் வண்டியின் பின் அச்சில், பாரம் ஏறினாலும் மட்டத்தைத் தானே சரி செய்துகொள்ளும் சாதனம் ஒன்று இருந்தது. பின்னர் வேறு பல வண்டிகளில் ஷாக் அப்சார்பருக்குள்ளேயே இந்த அமைப்பை வைத்தார்கள். இதற்கு மின்சாரமோ தனி மோட்டாரோ வேண்டாம். ஷாக் அப்சார்பரின் உள்ளே எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் இருக்கும். நடுவில் கைப்பம்பு போன்ற சிறு அமைப்பு. வண்டி ஓடும்போது மேலும் கீழும் ஆடுகிறதே, அந்த ஆட்டமே பம்பை இயக்கி எண்ணெயை ஒரு அறையிலிருந்து மற்றோர் அறைக்கு ஏற்றுகிறது. அழுத்தம் கூடக் கூடப் பின்புறம் எழும்பும். சரியான உயரம் வந்ததும் ஒரு துவாரம் திறந்து பம்பின் வேலை நின்றுவிடும். நின்ற இடத்தில் தாழ்ந்து கிடக்கும் வண்டி சிறிது தூரம் ஓடியதும் நிமிர்ந்துவிடுவது இப்படித்தான்.

நல்ல ஏற்பாடுதான். விளக்கு நேராக அடிக்கும், ஸ்பிரிங் முட்டாது. ஆனால் முன் அச்சிலிருந்து போன எடை திரும்பி வருவதில்லை. கொக்கியின் மேல் பாரம் அப்படியே இருக்கிறது. துலாவும் அப்படியே இருக்கிறது. வண்டி மட்டமாகத் தோன்றுகிறது, அவ்வளவே. மட்டம் வேறு, பாரம் வேறு. எடையை முன்சக்கரத்துக்குத் திருப்பித் தர அமெரிக்காவில் ஸ்பிரிங் தண்டுகள் பூட்டிய தனிவகைக் கொக்கியைப் பயன்படுத்துகிறார்கள்.

காய்கறி, பால் கேன் ஏற்றும் சிறு லோடு வண்டிகளுக்கு இங்கே ஒர்க்ஷாப்பில் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூட்டிப் போடும் வழக்கத்துக்கும் இதே பதில்தான். பட்டை கூட்டினால் பின்புறம் நிமிரும். அச்சும் டயரும் பிரேக்கும் பழைய அளவுதான். வண்டி தாழவில்லை என்ற தைரியத்தில் இன்னும் பத்துக் கூடை ஏற்றத் தோன்றும், கேடு அங்கேதான்.

கொக்கியின் உயரம்

பாரத்தின் இடம் போலவே கொக்கியின் உயரமும் முக்கியம். இழுக்கும் இடம் பின் அச்சின் நடுவுக்குக் கீழே இருக்க வேண்டும். சங்கிலியை அச்சிலோ, ஹைட்ராலிக் மேல் இணைப்பிலோ கட்டி இழுத்தால் டிராக்டர் மல்லாந்துவிடும். மல்லாரத் தொடங்கிய வண்டி திரும்ப முடியாத நிலைக்குப் போக முக்கால் விநாடி போதும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அயர்லாந்தில் டிராக்டர் உழவைக் கவனித்த ஹாரி பெர்குசன், கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் மல்லார்வதைத் தடுக்க முயன்றதும் சேர்ந்தே மூன்று முனை இணைப்பு பிறந்தது. அந்த இணைப்பில் மேல் தண்டு டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் பெர்குசன் பெயர் தாங்கிய டிராக்டர்களைச் செய்ததால் நம் விவசாயிகளுக்கும் அது பழக்கமாயிற்று. ஆனால் அது கலப்பைக்கு உரியது. டிரெய்லரை இழுக்கக் கீழே உள்ள இழுவைக் கொக்கியையே பயன்படுத்த வேண்டும்.

சேற்றில் பின்சக்கரம் புதைந்தால், சக்கரத்தோடு கட்டையைச் சேர்த்துக் கட்டி முன்னோக்கி எடுப்பது மிகவும் ஆபத்து. சக்கரம் சுற்ற வழியில்லாமல் போனால், டிராக்டரின் உடலே அச்சைச் சுற்றி எழும்பும். டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் பின்னோக்கி எடுத்துப் பார்ப்பதும், முடியாவிட்டால் இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுவதும் நலம்.

முன்சக்கரத்துக்கு எடை வேண்டுமானால் கம்பெனி தரும் இரும்பு எடைகளை முன்பக்கத்தில் மாட்ட வேண்டும். ஆள் உட்காருவது எடைக்கு ஈடாகாது. குலுங்கினால் விழுவது சக்கரத்தின் முன்னேதான். ரோட்டுக்கு வருமுன் இரண்டு பிரேக் பெடல்களையும் தாழ் போட்டு இணைத்துவிட வேண்டும். ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தால் பாரம் ஏற்றிய டிரெய்லர் வண்டியைத் திருப்பிவிடும்.

மூட்டை அடுக்கும்போது அச்சுக்கு நேர் மேலே தொடங்கி, முன்னும் பின்னும் பரப்பி, முன்பக்கம் நாலைந்து மூட்டை கூடுதலாக இருக்கும்படி முடிக்கலாம். இறக்கும்போது பின்பக்க மூட்டைகளை முதலில் இறக்க வேண்டும். முன்பக்கத்தை முதலில் காலி செய்தால், கழற்றி நிறுத்திய டிரெய்லர் பின்னால் சாய்ந்து, கொக்கித் தண்டு ஆள் உயரத்துக்கு எழும்பும். கழற்றுமுன் தண்டுக்கு அடியில் முட்டு நின்றிருக்கிறதா, சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆணியை உருவ வேண்டும்.