மணலாகத் துடிக்கும் வாயு

மதுரை செல்லூரில் ஒரு வீட்டில் அலுமினிய ஜன்னல் மாட்டினால் அடுத்த வீட்டுக்கு மூக்கு வழியாகவே தெரிந்துவிடும். சுவர்கள் அவ்வளவு நெருக்கம். கண்ணாடியின் ஓரத்தில் ‘சிலிகான்’ அடிக்கிறவர் வேலையை முடித்துவிட்டு, “காலைல வரைக்கும் சாத்திப்புடாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் தெருமுனை தாண்டிய பிறகும் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் ஒரு புளிப்பு வாடை வீட்டுக்குள் நிற்கும். வினிகர் வாடை. ஜன்னல் பசைக்குள் வினிகர் எங்கிருந்து வந்தது?

யாரும் ஊற்றவில்லை. அந்தக் குழலுக்குள் இருக்கும் பசையில் சிலேன் வகையைச் சேர்ந்த ஒரு பொருள் கொஞ்சம் இருக்கிறது. காற்றின் ஈரம் பட்டதும் அது தன்னோடு ஒட்டியிருந்த தொகுதியை உதறிவிடும். உதறியது அசிட்டிக் அமிலமாக, அதாவது வினிகரின் புளிப்பாக, வெளியே வரும். உதறிய கையால் ஆக்சிஜனைப் பிடித்து, அதன் வழியே பக்கத்து மூலக்கூறுகளோடு கோத்துக்கொள்ளும். பசை ரப்பராக இறுகும்.

சிலேன் என்பது ஒரு குடும்பப் பெயர். நடுவில் ஒரு சிலிக்கான் அணு. அதற்கு நான்கு கைகள். நான்கிலும் ஹைட்ரஜன் இருந்தால் அது சிலேன் வாயு. ஒன்றில் ஹைட்ரஜனும் மூன்றில் குளோரினும் இருந்தால் ட்ரைக்ளோரோசிலேன் என்ற திரவம். மெத்தாக்சி, எத்தாக்சி தொகுதிகளைப் பிடித்திருக்கும் சிலேன்கள் மின்கேபிளின் உறைக்கும், டயருக்கும், கண்ணாடி இழைக்கும், மழைநீர் இறங்காமல் சுவரில் அடிக்கும் பூச்சுக்கும் போகின்றன. ஆளுக்கொரு வேலை என்றாலும் குணம் ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள வைகைக்குள் இறங்கினால் போதும்.

ஆற்றுமணலில் பெரும்பங்கு சிலிக்கா. சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று பிடித்த பிடி அது. எத்தனை வெயில், எத்தனை வெள்ளம் பார்த்தும் அது தளர்ந்ததில்லை. அதைப் பிரிக்க வேண்டுமானால் குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து, மின்வில் உலையில் 2,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் காய்ச்ச வேண்டும். அப்படிப் பிரித்த சிலிக்கானுக்கு ஹைட்ரஜனையும் குளோரினையும் துணையாகக் கட்டிவைத்தால் சிலேன்கள் கிடைக்கும். கட்டிவைத்த துணை எத்தனை நாளைக்கு? காற்றிலோ தண்ணீரிலோ ஆக்சிஜனைக் கண்டதும் சிலிக்கான் பழைய உறவுக்கே ஓடும். ஜன்னலில் சாவகாசமாக நடப்பதும், ஆலையில் கூரையைத் தூக்கி எறிவதும் இதே ஓட்டம்தான்.

கூரையில் இருக்கும் நீலம்

இத்தனை சிரமப்பட்டு இதை ஏன் செய்கிறோம்? மொட்டைமாடியில் நிற்கும் சூரியத் தகட்டைப் பாருங்கள். அதன் கருநீலம் பெயின்ட் இல்லை. சிலேன் வாயுவையும் அம்மோனியாவையும் வெற்றிட அறையில் மின்னூட்டி, சிலிக்கான் வில்லையின் மேல் படியவைத்த சிலிக்கான் நைட்ரைடு படலம் அது. தடிமன் சுமார் 80 நானோமீட்டர். வெயில் பட்டுத் தெறித்துப் போகாமல் உள்ளே இழுத்துக்கொள்வதற்காக அந்தப் பூச்சு.

அந்த வில்லையின் சிலிக்கானும் பெரும்பாலும் ட்ரைக்ளோரோசிலேனாக இருந்து வந்ததுதான். திரவமாக்கிக் காய்ச்சி வடித்தால் அழுக்கு நீங்கும். பிறகு சுமார் 1,100 டிகிரி சூட்டில் திரும்பச் சிலிக்கானாகப் படியவைப்பார்கள். இந்த வித்தை தமிழ்நாட்டுக்குப் பழையது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஆர். வாசுதேவ மூர்த்தியின் குழு உருவாக்கிய முறையைக் கொண்டு, மேட்டூரில் மெட்கெம் சிலிக்கான் நிறுவனம் 1980களிலேயே பாலிசிலிக்கான் தயாரித்தது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்தது. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் டாடா பவரின் ஆலை 2024இல் சூரியக் கலங்களையே செய்யத் தொடங்கியது. தகடு மாட்டுகிற ஊருக்குச் சிலேனைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. கலம் செய்கிற ஊருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பற்றினால் பிழைத்தோம்

சிலேன் வாயுவுக்குத் தீக்குச்சி தேவையில்லை. காற்றில் பட்டாலே தானாகப் பற்றும். எரிந்து முடிந்ததும் மிச்சமாவது வெள்ளைப் பொடி. அதாவது மாவாக அரைத்த மணல். காற்றில் 1.4 சதவீதம் கலந்திருந்தாலும் எரியும், 96 சதவீதம் கலந்திருந்தாலும் எரியும். வீட்டு எல்பிஜிக்கு இந்த எல்லை ஏறக்குறைய 2 முதல் 10 சதவீதம் வரைதான்.

தானாகப் பற்றுவதுதான் இதன் பெரிய ஆபத்து என்று தோன்றும். இதோடு பழகியவர்களின் கணக்கு நேர்மாறு. கசிந்த நொடியில் பற்றிக்கொண்டால், கசிகிற வாயில் ஒரு சுடர் நிற்கும்; அவ்வளவுதான். கசிந்தும் பற்றாமல் இருந்தால்தான் கதிகலங்க வேண்டும். அழுத்தத்தோடு வேகமாகப் பீறிடும்போது சில சமயம் தீப்பிடிப்பதில்லை. வாயு மூலையில் சேர்ந்துகொண்டே போகும். வால்வை மூடி வேகம் தணிகிற அந்தக் கணத்தில், சேர்ந்தது மொத்தமும் ஒரே வீச்சில் வெடிக்கும். 2005 நவம்பரில் தைவானின் தைனானில் ஒரு சூரியக் கல ஆலையில் சிலேன் உருளையைக் கையாண்ட தொழிலாளி இப்படிப்பட்ட வெடிப்பில்தான் இறந்தார்.

ஆகவே சிலேன் உருளைகளை அறைக்குள் பூட்டிவைக்க மாட்டார்கள். மேலே கூரை, பக்கங்களில் காற்று. கிட்டத்தட்ட ஒரு கொட்டகை. சேர விடாமல் கலைத்துவிடுவதே நோக்கம். ஜன்னலைச் சாத்தாதீர்கள் என்று பசை அடித்தவர் சொல்லிப்போனதும் இதே பாடம். உருளையின் வாயில் கால் மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு தடுப்பு இருக்கும். குழாயே முறிந்தாலும் அந்த ஊசித்துளை அளவுக்கு மேல் வாயு வராது. உருளையை மாட்டுவதற்கு முன்னும் கழற்றுவதற்கு முன்னும் குழாயை நைட்ரஜனால் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். வால்வைத் தூரத்தில் நின்று திறக்கவும் மூடவும் ஏற்பாடு இருக்கும். தீப்பிடித்தால் அணைக்க ஓடக் கூடாது. வரத்தை அடைக்காமல் சுடரை மட்டும் அணைத்தால், எரிகிற கசிவு எரியாத கசிவாகிவிடும். பக்கத்து உருளைகள் மேல் தூரத்திலிருந்து தண்ணீர் அடித்துக் குளிரவைத்துக்கொண்டு, வால்வை அடைப்பதுதான் முறை.

வேலை முடிந்து மிஞ்சும் வாயுவையும் சும்மா வெளியே விடுவதில்லை. அதற்கென்று வைத்த எரிகலத்தில் கொளுத்தி, வரும் வெள்ளைப் பொடியை நீரில் பிடித்துக்கொள்வார்கள். சிலேன் எப்படியும் மணலாகத்தான் போகப்போகிறது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை மட்டும் மனிதர் முந்திக்கொண்டு முடிவுசெய்கிறார்கள்.

சத்தம் போடாதவை

1857இல் ஜெர்மனியில் ஃபிரெடரிக் வோலரும் ஹைன்ரிஹ் பஃப்பும் சிலேனை முதலில் தயாரித்தார்கள். காற்றுப் படாமல் அதை ஆராயும் வழியைப் பின்னாளில் கண்டவர் வேதியியலாளர் ஆல்ஃபிரெட் ஸ்டாக். கண்ணாடிக் குழாய்களாலான வெற்றிட அமைப்பு ஒன்றை அவர் கட்டினார். வால்வுகளில் கிரீஸுக்குப் பதில் பாதரசம். ‘சிலேன்’ என்ற பெயரும் அவர் வைத்ததே. தொட்டால் வெடிக்கும் வாயுக்களை அவர் ஜெயித்தார். ஆய்வறையில் ஓசையில்லாமல் ஆவியான பாதரசம் அவரை ஜெயித்தது. தலைவலியும் மறதியும் பல ஆண்டுகள் வாட்டிய பிறகே காரணம் தெரிந்தது. 1926இல் அதை எழுதி, மற்ற ஆய்வாளர்களை எச்சரித்தார்.

சிலேன் குடும்பத்துக்குள்ளும் இப்படி ஓசையற்றவர்கள் உண்டு. ட்ரைக்ளோரோசிலேன் கொதிப்பது ஏறக்குறைய 32 டிகிரியில். மதுரையின் சித்திரை வெயிலுக்கு அது அடுப்பே இல்லாமல் பொங்கும். ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கிளம்பும். அந்த மூச்சுத்திணறலாவது ஆளை ஓடவைக்கும். குழாய்களின் உட்சுவரில் படிந்து, அரைகுறையாக ஈரம் குடித்துக் கட்டியான குளோரோசிலேன் எச்சம் அப்படி எச்சரிக்காது. 2014 ஜனவரி 9 அன்று ஜப்பானின் யொக்காய்ச்சியில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸின் பாலிசிலிக்கான் ஆலையில், சுத்தம் செய்வதற்காகக் கழற்றிய வெப்பமாற்றியின் மூடியைத் திறந்தபோது அந்த எச்சம் வெடித்து 5 பேர் இறந்தார்கள்.

மெத்தாக்சி வகைகளில் சில கண்ணுக்கு எமன். ஆவி பட்ட நேரத்தில் பெரிதாக எரியாது. சில மணி நேரம் கழித்துக் கருவிழி வெந்திருப்பது தெரியும், பார்வையே போகவும் கூடும். வலிக்கட்டும், பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. பட்டதும் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

செல்லூருக்குச் சிலேன் வாயு வரப்போவதில்லை. ஆனால் அதன் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் அவ்வூரின் நெசவுத் தொழிலுக்குத் தெரிந்தவர். துணியில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கத் தரும் சிலிகான் பூச்சுகளில் ஒரு வகை எண்ணெய் உண்டு. அதன் சிலிக்கான்களில் பல இன்னும் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கும். பார்க்கத் தேங்காய் எண்ணெயைவிடச் சாது. காரம் பட்டால் மட்டும் அந்த ஹைட்ரஜனை வாயுவாகக் கொட்டிவிடும். 2019 மே 3 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் வாக்கீகனில் ஒரு சிலிகான் ஆலையில் இத்தகைய எண்ணெயோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசல் தவறிச் சேர்ந்தது. தொட்டி நுரைத்துப் பொங்கியது. கட்டடத்துக்குள் நிறைந்த ஹைட்ரஜன் வெடித்து 4 பேர் இறந்தார்கள். அங்கே ஹைட்ரஜனைக் கண்டு மணியடிக்கும் கருவி இல்லை.

சாயப்பட்டறையில் காரத்துக்குப் பஞ்சமில்லை. காஸ்டிக் சோடா இல்லாத பட்டறை ஏது? அதனால் இந்த வகை எண்ணெய் வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை சிலதான். அதன் பீப்பாயும் காஸ்டிக்கும் ஒரே சுவரோரம் நிற்கக் கூடாது. ஒன்றில் நனைந்த குவளையோ பம்போ இன்னொன்றுக்குள் போகக் கூடாது. உள்ளே சேரும் வாயு வெளியேறும்படி வைத்த மூடியை, ஒழுகுகிறதோ என்று நினைத்து இறுக்கித் திருகக் கூடாது. பட்டறைகளில் பெரும்பாலான பீப்பாய்கள் ஒரே நீலம். மேலே ஒட்டியிருக்கும் எழுத்தோ ஆங்கிலம். இரவு ஷிஃப்டுக்கு வருகிற பையன் படிக்கும்படி, நான்கு விரல் உயரத்தில் தமிழில் எழுதிவைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும்.