மன்றத்துக்கு வெளியே சொன்ன சொல்

நாடாளுமன்றத்துக்குள் பேசும் உறுப்பினர்மீது யாரும் அவதூறு வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பைத் தானாகவே உதறிவிட்டு வெளியே வந்தவர் ஈப்போ உறுப்பினர் டி.ஆர். சீனிவாசகம். கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் ஊழல் செய்தார் என்று 1964-இல் அவர் அவையில் குற்றம் சாட்டினார். முடிந்தால் வெளியே சொல்லட்டும் என்று சவால் வந்ததும், கோலாலம்பூர் சீனர் மண்டபத்தில் அதையே திரும்பச் சொன்னார். அமைச்சர் வழக்குத் தொடுத்தார். தோற்றார். 1965-இல் பதவியும் போனது. மலேசிய நாடாளுமன்ற வரலாற்றில் இதற்கு இணையான துணிச்சலை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சீனிவாசகம் ஈப்போ வழக்கறிஞர். அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் அதே தொழில். சகோதரர்கள் 1953-இல் தொடங்கிய பேராக் முற்போக்குக் கட்சிதான் பிறகு மக்கள் முற்போக்குக் கட்சியானது. 1955 பொதுத்தேர்தலில் 52 இடங்களில் 51-ஐ அம்னோ தலைமையிலான கூட்டணி வாரிக்கொண்டது. எதிர்க்கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சுதந்திரம் கிடைத்த சில மாதங்களில், 1957 நவம்பரில், ஈப்போ–மெங்லெம்பு இடைத்தேர்தல் வந்தது. டி.ஆர். வென்றார்.

வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். ஈப்போவிலிருந்து மெங்லெம்பு வழியாக லகாட் வரை நீளும் அந்தச் சாலையின் இருபுறமும் ஈயச் சுரங்கங்கள், புதுக்கிராமங்கள், சற்றுத் தள்ளி ரப்பர் தோட்டங்கள். குடியுரிமை கிடைக்குமா, பிள்ளைகளின் மொழிக்கு இடமிருக்குமா என்பதே அங்கே எல்லோருடைய கவலையும். சீன மொழிக்கும் தமிழுக்கும் அதிகாரபூர்வ மொழித் தகுதி வேண்டும் என்று கேட்ட கட்சி மக்கள் முற்போக்குக் கட்சி. தேசிய மொழிச் சட்டம் 1967-இல் வந்தபோதும் டி.ஆர். எதிர்த்தே நின்றார். இன எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்து வேட்பாளர் தேடும் இன்றைய கட்சிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் படிக்க வேண்டும்: சீன வாக்காளர்கள் ஒரு தமிழரை மறுபடி மறுபடி அனுப்பினார்கள், தங்களுக்காக அவர் வாய் திறந்தார் என்பதற்காக.

1964-இல் கூட்டணி 104-இல் 89 இடங்களைப் பிடித்தபோதுகூட ஈப்போவும் மெங்லெம்பும் அசையவில்லை. தம்பிக்கு ஈப்போ, அண்ணனுக்கு மெங்லெம்பு. ஈப்போ நகராண்மைக் கழகமும் எஸ்.பி.யின் தலைமையில் இருந்தது. மறு ஆண்டே, இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மோதல் முடிந்து அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. மக்களுக்கு அந்த வாக்குரிமையை இன்னும் திருப்பித் தரவில்லை. இது பெரிய அநியாயம்.

டி.ஆர். 1969 மார்ச் 15 அன்று காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டே மாதத்தில் வந்த தேர்தலில் அவருடைய கட்சி நாடாளுமன்றத்தில் 4 இடங்களையும் பேராக் சட்டமன்றத்தில் 12 இடங்களையும் வென்றது. 40 பேர் கொண்ட சட்டமன்றத்தில் கூட்டணிக்கு 19தான். பேராக் ஆட்சி கைமாறும் வாய்ப்பு கண்முன்னே நின்றது. மே 13 இனக் கலவரமும் அதையடுத்து வந்த அவசரநிலையும் அதை அடித்துச் சென்றன.

எஸ்.பி. பிறகு ஆளுங்கட்சியோடு கைகோத்தார். கலவரத்துக்குப் பிந்தைய அச்சத்தில் எடுத்த முடிவு அது; புரிந்துகொள்ள முடிகிறது. வாக்காளர்கள் ஏற்கவில்லை. 1974-இல் ஆளும் தேசிய முன்னணிக் கொடியின்கீழ் நின்ற கட்சி நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தை மட்டுமே பெற்றது, எஸ்.பி.யே தோற்றுப்போனார். அடுத்த ஆண்டு ஜூலையில் மறைந்தார். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் எதிர்க்கட்சி வாக்குகள் ஜனநாயக செயல் கட்சிப் பக்கம் போய்விட்டன. அந்தக் கட்சியின் எம். குலசேகரன், இன்னொரு தமிழ் வழக்கறிஞர், 2004 முதல் ஈப்போ பாராட் தொகுதியின் உறுப்பினராக இருக்கிறார்.